உதிரும் மயிரும் பெருக்கும் கையும்

ஒரு சொல்லை வசைச்சொல்லாக்கிவிட்டு, பிறகு அந்தச் சொல் சுட்டும் பொருளையும் வீட்டுக்குள் காணச் சகியாதவர்களாக நாம் ஆகிவிட்டோம். மயிர் என்பதுதான் அந்தச் சொல். தலையில் இருக்கும்போது கூந்தல், முடி, கேசம் என்று எத்தனையோ பெயரிட்டு அழைக்கிறோம்; விலங்கின் உடலில் இருந்தால் ரோமம் என்று வடமொழியைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். உதிர்ந்து தரையில் கிடந்தால் மட்டும் அது மயிராகிவிடுகிறது, அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு உச்சரிக்கும்போது. வள்ளுவருக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. மானம் என்னும் ஒரே அதிகாரத்தில் இரண்டு முறை மயிரை எடுத்தாள்கிறார். ஓரிடத்தில், நிலை தாழ்ந்தவர் தலையிலிருந்து விழுந்த மயிருக்கு ஒப்பாகிறார். ஐந்து குறள் தள்ளி, மயிரை இழந்தால் உயிர்வாழாத கவரிமா வருகிறது. உடலில் இருக்கும்வரை உயிருக்கு நிகர், உதிர்ந்த கணமே இழிவு. இதை எழுதியவர் வீட்டில் ஒரு நாயோ பூனையோ வளர்த்திருக்கக்கூடும் என்று எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. (ஆய்வாளர்கள் பொறுத்தருள்க.)

சந்தேகம் வேடிக்கைக்கு. சொல்ல வந்த விஷயம் அத்தனை வேடிக்கையானதல்ல.

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நல்ல வாசகர், சிற்றிதழ்களுக்குத் தவறாமல் சந்தா கட்டுபவர், நான்கு வயது லாப்ரடார் ஒன்றை வளர்ப்பவர். அந்த நாயை யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும், எங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் உண்டா என்று கேட்டார். கடிக்கிறதா என்றோம், இல்லை. நோயா, இல்லை. ஊர் மாறுகிறாரா, அதுவும் இல்லை. மிகுந்த தயக்கத்துக்குப் பிறகு காரணம் வெளிவந்தது: "முடி தாங்கலைங்க. சோத்துல முடி, புத்தகத்துல முடி, குழந்தை வாயில முடி."

இந்தக் காரணத்தைக் கேட்பது எங்களுக்கு இது முதன்முறையன்று. நாய், பூனை வளர்ப்போர் வட்டத்தில் சில ஆண்டுகள் புழங்கியவர்கள் எவரும் இதைக் கேட்டிருப்பார்கள். சொல்லும்போது யாரும் முதலில் முடியைச் சொல்வதில்லை. வேலைப்பளு, வீட்டு உரிமையாளர், வயதான மாமியார் என்று சுற்றிவந்து கடைசியில் முடியில் நிற்பார்கள். ஏனென்றால் அது அற்பமான காரணமாகத் தொனிக்கிறது. தெருவில் விடப்படும் நாய்க்கு அது அற்பமாக இருப்பதில்லை. சோபாவில் உறங்கிப் பழகிய லாப்ரடார், தெருநாய்களின் எல்லைக்குள் இறக்கிவிடப்பட்டால் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம்முடைய சட்டம் இதைக் குற்றம் என்றே சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11: தக்க காரணமின்றி, பசியிலும் தாகத்திலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது தண்டனைக்குரியது. முதல் குற்றத்துக்கான அபராதம் குறைந்தது 10 ரூபாய், மிகுதியாகப் போனால் 50 ரூபாய். ஒரு நல்ல நாய்ச்சீப்பை இந்தத் தொகைக்கு வாங்க முடியாது.

ஆகவே முடியைப் பற்றிப் பேசிவிடலாம் என்று தோன்றியது. வெட்கப்படாமல், சற்று விரிவாக.

முதலில், அது ஏன் உதிர்கிறது. ஒவ்வொரு மயிரும் வளரும், நிற்கும், ஓய்ந்து உதிரும். அதே குழியிலிருந்து இன்னொன்று முளைக்கும். மனிதத் தலைமயிரில் வளரும் பருவம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது, அதனால் நீள்கிறது. லாப்ரடார் போன்ற நாய்களுக்கு அது குறுகியது. பெரும்பாலான மயிர்கள் எந்நேரமும் ஓய்வுநிலையில், விழக் காத்திருக்கின்றன. அதிலும் குளிர்நாட்டு நாய்களுக்கு இரண்டடுக்கு மேனி. மேலே முரட்டு மயிர், அடியில் பஞ்சுபோன்ற உள்மயிர். லாப்ரடாரின் மூதாதைகள் நியூஃபவுண்ட்லாந்தின் பனிக்கடலில் மீனவர்களோடு நீந்தியவை. ஹஸ்கி, சைபீரியாவில் சுக்சி மக்களின் சறுக்குவண்டியை இழுத்தது. அந்த உள்மயிர் இல்லாமல் அங்கே உயிரில்லை. நம்முடைய வரவேற்பறையில் உருண்டோடும் சாம்பல்நிறப் பந்துகள் வேறொரு கடலுக்கும் வேறொரு பனிக்கும் செய்துகொண்ட ஏற்பாடு.

அந்த உள்மயிரை எப்போது உதிர்ப்பது என்பதை உடலுக்குச் சொல்வதில் வெப்பத்தைவிடப் பகலொளியின் நீளத்துக்குப் பங்கு அதிகம். வடக்கே செல்லச் செல்லக் கோடைப்பகலும் குளிர்காலப் பகலும் பெருமளவு வேறுபடும். ஆகவே அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை கொத்துக்கொத்தாக உதிர்ந்து ஓயும். சென்னையில் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம், மிக நீண்டது ஏறத்தாழ 12 மணி 55 நிமிடம். இந்த ஒன்றரை மணி வேறுபாட்டை வைத்துக்கொண்டு அந்தப் பழைய உடல் எந்தப் பருவத்தைக் கணிக்கும்? போதாக்குறைக்கு இரவு பதினொன்று வரை குழல்விளக்கு வேறு. விளைவு, பருவமென்று ஒன்றில்லாமல் பன்னிரண்டு மாதமும் சீராக உதிர்கிறது. 'சீசன் முடிந்தால் நின்றுவிடும்' என்று விற்றவர் சொன்னதை நம்பி மூன்று ஆண்டுகளாகக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தை எங்களுக்குத் தெரியும்.

காத்திருக்கப் பொறுக்காதவர்கள் மழிக்கிறார்கள். வெயில் காலத்தில் கோல்டன் ரிட்ரீவருக்கும் ஹஸ்கிக்கும் மெஷின் போட்டுத் தோல் தெரிய வழித்துவிடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. 'பாவம், அதுக்கும் வேர்க்குமில்ல' என்கிறார்கள். நாய்க்கு உடல்தோல் வழியாக வியர்த்துக் குளிர்வதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. மேல்மயிர் வெயிலைத் தடுத்துக்கொண்டிருந்தது, அதையும் எடுத்துவிட்டோம். சில நாய்களுக்கு மழித்த இடத்தில் மயிர் மாதக்கணக்கில் முளைக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். இத்தனைக்கும் பிறகு வீட்டில் முடி குறைந்ததா என்றால், குறையவில்லை. நீள மயிர் விழுந்த இடத்தில் ஊசிபோன்ற குட்டை மயிர் விழுகிறது, சோபாத் துணியில் குத்திக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

இன்னொரு கூட்டம் 'முடி கொட்டாத நாய்' தேடுகிறது. இந்த மோகத்துக்கு ஒரு தொடக்கக் கதை உண்டு. 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில், பார்வையற்றோருக்கு நாய்களைப் பயிற்றுவிக்கும் அமைப்பில் பணியாற்றிய வாலி கான்ரனுக்கு ஹவாயிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும். கணவருக்கோ நாய் ஒவ்வாமை. கான்ரன் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தார். பிறந்த மூன்று குட்டிகளின் மயிரையும் உமிழ்நீரையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் ஒன்றுதான் கணவருக்கு ஒத்துக்கொண்டது. மூன்றில் ஒன்று. மற்ற இரண்டையும் வளர்க்க யாரும் முன்வராததால் 'லாப்ரடூடில்' என்று அவர் ஒரு பெயர் வைத்தார், பெயர் வைத்ததும் வரிசை நின்றது. 2019இல் ஆஸ்திரேலிய வானொலியில், தன் வாழ்நாளில் தான் மிகவும் வருந்தும் காரியம் அதுதான் என்றார் அவர். 2011இல் அமெரிக்காவின் டெட்ராயிட் பகுதி வீடுகளின் தூசியை எடுத்து ஆராய்ந்தவர்கள், 'ஒவ்வாமை தராத' வகை நாய்களுள்ள வீடுகளுக்கும் மற்ற நாய்களுள்ள வீடுகளுக்கும் ஒவ்வாமைப் பொருளின் அளவில் வேறுபாடு காணவில்லை. அடுத்த ஆண்டு நெதர்லாந்து ஆய்வொன்றில் அந்த வகை நாய்களின் மயிரில் அது கூடுதலாகவே இருந்தது. கொட்டாத மயிருக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் பாதி, இல்லாத மருத்துவப் பயனுக்கான விலை. தவிர, கொட்டாத மயிர் சடைபிடிக்கும். பூடில் வகை நாயை வாரக்கணக்கில் சீவாமல் விட்டால் தோலோடு ஒட்டிய கம்பளமாகிவிடும், அதை வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

ஒவ்வாமை என்ற சொல் வந்துவிட்டதால் பூனைக்கு வந்தாக வேண்டும். பூனைமுடி வயிற்றுக்குள் போனால் ஈளை வரும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரோடியது. படித்தவர்களும் இதைச் சொல்லியே குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டிருக்கிறார்கள். உள்ளது உள்ளபடி சொன்னால், குற்றவாளி மயிரன்று. பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒரு புரதம். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது அது மயிரில் பூசப்படுகிறது. காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகிக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கிறது. மயிர் வெறும் வாகனம். விழுங்கிய மயிர் வெளியேறிவிடும், மூச்சில் போகும் துகள்தான் இழுப்பைக் கிளப்புகிறது, அதுவும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு. அப்படிப்பட்டவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். இழுப்பில் ஒரு குழந்தை இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகு விலங்குநேயம் பேசுவது அழகன்று. அந்த வீட்டார் பூனைக்கு வேறு இல்லம் தேடுவதில் எங்களுக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் தேடுவதற்கு முன் மருத்துவரிடம் சோதித்துப் பார்த்து, காரணம் பூனைதானா, கரப்பானா, படுக்கைத் தூசுப்பூச்சியா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? பூனை போன பிறகும் அந்தப் புரதம் மெத்தையிலும் திரையிலும் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், 'அனுப்பியும் சரியாகவில்லையே' என்று திகைப்பவர்களும் உண்டு. கருவுற்ற பெண்ணின் வீட்டிலிருந்து பூனையைத் துரத்துவதும் இவ்விதமே. அஞ்ச வேண்டிய டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வெளிப்பட்டு, தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகிறது. மலத்தொட்டியை நாள்தோறும் வேறொருவர் சுத்தம் செய்தால் பெரும்பகுதி ஆபத்து நீங்கும். அந்த வேறொருவர் கணவராக இருக்கலாம் என்ற யோசனை பல வீடுகளில் பூனையைத் துரத்துவதைவிடக் கடினமானதாக இருக்கிறது.

யார் பெருக்குவது என்பதற்கு வந்துவிட்டோம். உண்மையில் இதை எழுதத் தூண்டியதே இதுதான்.

எங்கள் வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் உண்டு. வீடு பெருக்கித் துடைக்க ஓர் அக்கா ஆறு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தார். நாய் வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "அம்மா, இந்த வேலை மட்டும் என்னால முடியாது" என்றார். நாயைப் பிடிக்கவில்லை போலும் என்று எங்களுக்குள் ஒரு சிறு மனத்தாங்கல். நாயை நேசிக்காதவர் குறித்து நாய் வளர்ப்போருக்கு எப்போதும் ஓர் ஒழுக்க மேட்டிமை உண்டு, எங்களுக்கும் இருந்தது. கூலியை உயர்த்தித் தருகிறோம் என்றோம். உயர்த்தியதை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் செய்தார். பிறகு மறுபடியும் நின்றார்.

"காசு இல்லம்மா. பெருக்கினா பறக்குது. ஈரத்துணியில சுத்திக்கிட்டு வருது, அதைக் கையாலதான உருவி எடுக்கணும்? உருவி எடுத்த கையோட வீட்டுக்குப் போய்ச் சோத்துல கை வைக்க முடியல. எம் புள்ளை என்னைப் பாத்து, 'உன் புடவையெல்லாம் நாய் முடி'ங்குது. உங்க நாயி உங்களுக்குச் செல்லம். எனக்கு அது யாரு?"

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் அத்தனையும் அவர் பக்கம் இருந்தது. மறுநாள் முதல் நாங்கள் பெருக்கத் தொடங்கினோம், ஒருவர் காலை, ஒருவர் மாலை. முதல் வாரத்திலேயே பலவும் புரிந்தது. தென்னந்துடைப்பம் முடியை அள்ளாமல் ஈர்க்குகளுக்கிடையே சேர்த்துக்கொள்கிறது. பூந்துடைப்பம் அதைக் காற்றில் தூக்கி அடுத்த அறைக்கு அனுப்புகிறது. மின்விசிறி ஓடும்போது பெருக்குவது, ஓடும் நீரில் கோலம் போடுவதற்கு ஒப்பு. விசிறியை நிறுத்தச் சொல்லும் உரிமை அந்த அக்காவுக்கு ஆறு ஆண்டுகளில் ஒரு நாளும் இருந்ததில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம். விசிறிக்குக் கீழே நாற்காலியில் நாங்கள் புத்தகம் படித்துக்கொண்டிருப்போம்.

தமிழ் எழுத்தாளர்களில் பூனைப்பிரியர் ஏராளம். மடியில் பூனை, மேசையில் பூனை, கையெழுத்துப் பிரதியின்மேல் பூனை என்று பத்திகள் வந்த வண்ணம் இருக்கின்றன. நாங்களும் அவற்றை ரசித்திருக்கிறோம். அந்த மேசையை மாலையில் துடைத்தவர் யார் என்று ஒரு வரி அவற்றில் வந்து நாங்கள் படித்த நினைவில்லை. நேசிப்பது ஒருவர் பெயரில், பெருக்குவது இன்னொருவர் கணக்கில் என்ற இந்த ஏற்பாடு விலங்கோடு தொடங்கியதுமில்லை, விலங்கோடு முடிவதுமில்லை. ஆனால் இங்கே அதன் தண்டனை விலங்குக்கும் சேர்த்தே விழுகிறது. முடியைக் கண்டு முதலில் களைப்பவர் பெருக்குபவர். 'இதை எங்காவது விட்டுவிடுங்கள்' என்று சொல்ல நேர்பவரும் அவரே. பழியும் அவருக்கே. நேசித்தவர் கண்கலங்கி நல்லவராகிவிடுகிறார்.

எனவே எங்கள் தரப்பு எளியது. நாயையோ பூனையையோ வேண்டுமென்று கேட்டவர் எவரோ அவர் முடியை அள்ள வேண்டும். ஆணாயினும், பெரிய வேலையில் இருப்பவராயினும், கவிஞராயினும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்டு வாங்கியிருந்தால் பிள்ளையும் பெற்றோரும். கூலிக்கு ஒருவரை அமர்த்தினால், அவரிடம் முன்கூட்டிக் கேட்டு, அதற்கெனத் தனிக்கூலியும் கையுறையும் கொடுத்து, அவர் மறுத்தால் மனத்தாங்கல் கொள்ளாமல் இருப்பது. இதற்கு உடன்பட மனமில்லாதவர் வளர்க்க வேண்டாம். மீன்தொட்டி வாங்கலாம்.

உடன்படுகிறவர்களுக்கு, கைப்பட்ட அனுபவத்தில் சில. முடியைத் தரையில் தேடுவதைவிட நாயின் மேலேயே பிடித்துவிடுவது மேல். வாரம் மூன்று நாள், பத்து நிமிடம், மொட்டை மாடியிலோ வாசலிலோ, காற்றின் திசை பார்த்து உட்கார்ந்து சீவினால் வீட்டுக்குள் விழுவது கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. உள்மயிருக்கு நீளப்பல் சீப்பு, மேலுக்கு ரப்பர்ப் பல் வைத்த கைச்சீப்பு. பூனைக்கு நம் பழைய பேன்சீப்பே போதும், அது அனுமதிக்கும்வரை. பூனையின் நாக்கே ஒரு சீப்பு என்பது வேறு விஷயம். நுனி குழிந்த நுண்முட்களில் உமிழ்நீரை ஏந்தி அது மயிரின் அடிவரை கொண்டுசெல்வதை 2018இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் படமெடுத்துக் காட்டினார்கள். அந்த முட்கள் பின்னோக்கி வளைந்தவை, சிக்கிய மயிரைத் துப்ப வழியில்லை, விழுங்கத்தான் வேண்டும். விடியற்காலையில் கட்டிலடியில் அது கக்கும் மயிருருண்டைக்கு இதுவே காரணம். நாம் சீவி எடுக்கும் ஒவ்வொரு பிடியும் அது விழுங்காமல் தப்பியது.

குளிப்பாட்டுவதற்கு முன் சீவ வேண்டும், பின்னர் அல்ல. நனைந்த சடை இறுகிக்கொள்ளும். சோபாவுக்கும் மெத்தைக்கும் பாத்திரம் கழுவும் ரப்பர்க் கையுறையை நனைத்து, உதறி, ஒரே திசையில் தடவினால் முடி கயிறுபோல் திரண்டு வரும். இதற்கென்று கடைகளில் விற்கும் எந்தக் கருவியும் இதைவிடச் சிறப்பாகச் செய்து நாங்கள் காணவில்லை. தரைக்கு, பெருக்குவதற்கு முன்பே பிழிந்த ஈரத்துணியை ஒரு கோலில் சுற்றி ஒருமுறை இழுத்துவிடுவது. துணிகளை வாஷிங் மெஷினில் போடும் முன் காய்ந்த நிலையில் உதறித் தட்ட வேண்டும். ஈரத்தில் முடி துணியோடு ஒட்டிக்கொள்வது மட்டுமன்றித் திரித்திரியாகி வடிகுழாயை அடைக்கும். ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு இதை நாங்கள் கற்றோம். விசிறி இறக்கைகளின் முன்விளிம்பையும் ஏ.ஸி.யின் வடிகட்டியையும் மறந்துவிடாதீர்கள். வேக்குவம் கிளீனர் உள்ளவர்கள் பயன்படுத்தட்டும், ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பூனை அலமாரியின் உச்சியில் ஏறி, அங்கே உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் உதிர்க்கும்.

புத்தகம் வைத்திருப்போருக்குத் தனியே ஒன்று. முடி புத்தகத்தைத் தின்பதில்லை, ஆனால் அலமாரியின் பின்புறம் சேரும் முடி, கம்பளிப் பூச்சிவண்டின் புழுவுக்கும் துணி அந்துக்கும் உணவு. அவற்றுக்கு மயிரிலுள்ள கெரட்டினைச் செரிக்கத் தெரியும். முடிக்காக வந்து கூடுபவை கம்பளிச் சால்வைக்கும் தோல் கட்டடத்துக்கும் நகர்கின்றன. எனவே கீழ்த்தட்டை வெறுமையாக விடுவதோ கண்ணாடிக் கதவு போடுவதோ வீண்செலவன்று.

இவற்றையெல்லாம் செய்தும் திடீரென முடி கொத்தாகக் கொட்டினால், வட்டவட்டமாக வழுக்கை தெரிந்தால், அது பெருக்கும் பிரச்சினை அன்று. சொறி, உண்ணி, படர்தாமரை, தைராய்டு என்று எதுவாகவும் இருக்கலாம்; படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், எண்ணெய் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

சீவி எடுத்த முடியை என்ன செய்வது? இதில் ஓர் அயலூர்ச் செய்தி சொல்ல வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சாலிஷ் பழங்குடிகள் மயிருக்கென்றே ஒரு நாயினத்தை வளர்த்தார்கள். வெள்ளை நிற, அடர்ந்த மயிர்கொண்ட சிறு நாய்கள். மற்ற நாய்களோடு கலந்துவிடாதபடி தனியே வைத்து, மீன் கொடுத்து வளர்த்து, ஆடுபோல் கத்தரித்து, மலையாட்டு ரோமத்தோடு சேர்த்து நூற்று, போர்வை நெய்தார்கள். அந்தப் போர்வை செல்வத்தின் அடையாளம். நாய்களை வைத்திருந்தவர்களும் நெய்தவர்களும் பெண்கள். குடியேற்ற ஆட்சி அவர்களின் வாழ்முறையை ஒடுக்க ஒடுக்க அந்த இனமும் அழிந்துபோயிற்று. 1859இல் இறந்த 'மட்டன்' என்ற ஒரு நாயின் தோல் மட்டும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகச் சேகரிப்பில் எஞ்சியிருக்கிறது. 2023இல் அதன் மரபணுவைப் படித்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பேணிக் காக்கப்பட்ட தனி வழி அது என்று வெளியிட்டார்கள். உதிர்வதை எடுக்கும் பெண்ணின் கைக்கு ஒரு சமூகம் மதிப்புக் கொடுத்தது என்பதற்காக இதைச் சொல்கிறோம். நம்மிடமும் சாமரம் இருக்கிறதே என்பீர்கள். உண்டு, இமயத்துக் காட்டெருமையின் வால்மயிர் கருவறை வரை செல்கிறது. அதைப் பெருக்கித் தள்ளியதாக யாரும் சொல்வதில்லை.

நாங்கள் நூற்க முயலவில்லை. சில காலம் மாடிக் கைப்பிடிச்சுவரில் முடியை வைத்தோம், சிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் கூடு மெத்தைக்கு எடுத்துச் செல்லட்டும் என்று. அழகான காட்சிதான். 2025இல் பிரிட்டனின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வைப் படித்ததும் நிறுத்திவிட்டோம். விலங்கு மயிர் வைத்துக் கட்டிய சிறுபறவைக் கூடுகளைச் சோதித்ததில், ஆராய்ந்த எல்லாக் கூடுகளிலும் ஃபிப்ரோனில் இருந்தது. உண்ணி, தெள்ளுப்பூச்சிக்காக நாம் நாயின் பிடரியில் சொட்டுச் சொட்டாக விடும் அதே மருந்து. நஞ்சு மிகுந்த கூடுகளில் இறந்த குஞ்சுகளும் பொரிக்காத முட்டைகளும் கூடுதல். மருந்து போடாத நாயின் முடியானால் வைக்கலாம்; நம் ஊர் உண்ணிக்கு மருந்து போடாமல் நாய் வளர்க்க முடிவதில்லை. இப்போது அது குப்பைப் பையில்தான் போகிறது.

இனி வளர்க்கப் போகிறவர்கள் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்கலாம். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவையும் இம்மண்ணின் குறுமயிர் நாய்கள். தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியும் அவ்வாறே, விலை ஏதுமின்றி. இவையும் உதிர்க்கும், ஆனால் லாப்ரடாரின் உள்மயிர்ப் பஞ்சோடு ஒப்பிட்டால் பெருக்குபவருக்குப் பாதி விடுதலை. இதை மண்ணின் பெருமையாக ஆக்கி மீசை முறுக்குவதில் எங்களுக்கு விருப்பமில்லை. வேட்டைநாய்க்கு ஓட இடம் வேண்டும், இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் ராஜபாளையத்தைக் கட்டிப்போடுவது வேறொரு கொடுமை. ஏற்கனவே வீட்டில் லாப்ரடார் இருப்பவருக்கு இந்த அறிவுரையால் பயனும் இல்லை. நான்கு வயது நாயை மாற்றிக்கொள்ள முடியாது, சீப்பைத்தான் மாற்றலாம்.

நண்பருக்கும் இதையே சொன்னோம். நாய்க்கு வேறு வீடு தேட ஆறு வாரம் ஆகும், அதுவரை நாங்கள் சொல்கிறபடி சீவிக்கொண்டிருங்கள் என்றோம். (வீடு தேடவே இல்லை என்பதை அவர் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.) ஆறு வாரம் கழித்து அழைத்தார். நாயை யாருக்கும் கொடுப்பதாக இல்லையாம். முடி பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம். சீப்பின் படத்தைப் பலருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். மகிழ்ந்தோம். தினமும் நீங்கள்தான் சீவுகிறீர்களா என்று கேட்டோம். "எனக்கு எங்கங்க நேரம்? வீட்டுல பாத்துக்கறாங்க" என்றார்.